21 அணிகள், ஒரு ஆடுகளம்: கபடிப் போட்டி நடத்தி விளையாட்டு மேலாண்மை பழகுவது எப்படி?

எங்கள் ஊர்ப் பொங்கல் கபடிப் போட்டியில் விடியற்காலை 3 மணிக்கு மூன்று அணிகள் மிச்சம் நின்றன. நான்கு இருந்தால் அரையிறுதி, இரண்டு இருந்தால் இறுதிப் போட்டி. மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஒரு அணி ஆடாமலேயே இறுதிக்குப் போனது. மற்ற இரண்டும் மோதின. ஜெயித்த அணி மூச்சு வாங்க இறுதிக்கு வந்து தோற்றது. வேனில் வெகுதூரம் வந்திருந்த பையன்கள் ஸ்கோர் மேசையைச் சுற்றி நின்று கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அட்டவணை போட்டது நான்தான். அடுத்த வருடம் அவர்கள் வரவில்லை.

அதற்கு அப்புறம்தான் ஒரு உடற்கல்வி ஆசிரியரிடம் உட்கார்ந்து முறையாகக் கற்றுக்கொண்டேன். விளையாட்டு மேலாண்மையைப் பட்டமாகப் படிக்க இடங்கள் இருக்கின்றன. ஆனால் அடிப்படைகளைக் கைப்பழக்கமாக்க ஒரு ஊர்ப் போட்டியை நடத்திப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. திட்டமிடல், பணம், ஆட்கள், பாதுகாப்பு, கணக்கு ஒப்படைத்தல் எல்லாம் அதில் வந்துவிடும். கபடி விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

முதலில் நேரக் கணக்கு

நோட்டீஸ் அடிப்பதற்கு முன், நன்கொடை கேட்பதற்கு முன், இதைச் செய்யுங்கள். நாக்-அவுட் போட்டியில் மொத்த ஆட்டங்கள் எத்தனை? அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. ஒவ்வொரு ஆட்டமும் ஒரு அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. கடைசியில் ஒரே ஒரு அணி மிஞ்ச வேண்டும். ஆக 21 அணிகளுக்கு 20 ஆட்டங்கள்.

ஆண்கள் ஆட்டம் முறைப்படி 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 நிமிடம். ஊர்ப் போட்டிகளில் பாதிக்கு 15 நிமிடம் என்று குறைத்துக்கொள்வோம். அப்போது ஓர் ஆட்டத்துக்கு 35 நிமிடம். அணி மாற, கோடு சரிசெய்ய, அடுத்த அணியைக் கூப்பிட இன்னும் 10 நிமிடம். 20 ஆட்டம் × 45 நிமிடம் = 15 மணி நேரம். மாலை 4 மணிக்கு ஆரம்பித்தால் மறுநாள் காலை 7 மணி ஆகிவிடும்.

இந்த ஒரு எண்ணிலிருந்துதான் மற்றதெல்லாம் பிறக்கிறது: விளக்குகள் எத்தனை மணி நேரம், ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவு, நடுவர்கள் எத்தனை செட், எத்தனை வேளை சாப்பாடு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நான் இப்போது காலை 8 மணிக்குத் தொடங்கி இரண்டு நாளாகப் பிரித்துவிடுகிறேன். முதல் நாள் 13 ஆட்டம், இரண்டாம் நாள் காலிறுதியிலிருந்து 7.

லீக் முறை, அதாவது ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும் முறை வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அணிகளின் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்துப் பாருங்கள்: 21 × 20 ÷ 2 = 210 ஆட்டம். 5, 6 அணிகள் என்றால் லீக் அருமை. அதற்கு மேல் ஊர்ப் போட்டிக்குத் தாங்காது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டில் பொதுப் பிரிவில் 188 அணிகள். நாக்-அவுட் என்றால் முதல் நாளே பாதி நாடுகள் ஊர் திரும்ப வேண்டும். லீக் என்றால் ஒவ்வோர் அணியும் 187 முறை ஆட வேண்டும். அங்கே நடந்தது சுவிஸ் முறை. ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு 11 சுற்றில் முடித்துவிட்டார்கள். செஸ் அணி 11 நாளில் 11 முறை ஆடலாம். கபடி ஆடும் உடம்புக்கு அது ஆகாது. எந்த முறை என்பதை விளையாட்டும் இடமும் நேரமும் சேர்ந்துதான் சொல்லும்.

நான் சறுக்கிய இடம்: 'பை'

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

நான் செய்தது இதுதான். 21 அணிகளில் 20ஐ ஜோடி சேர்த்தேன், ஒன்றுக்கு ஆட்டமில்லாமல் அடுத்த சுற்று, அதாவது 'பை'. அடுத்த சுற்றில் 11. மறுபடி ஒன்றுக்குப் 'பை', 6 வந்தது. இரட்டைப்படை என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்தது 3.

இரட்டைப்படையாக இருந்தால் போதும் என்று நினைப்பதுதான் தவறு. 24 நல்ல எண்ணாகத் தெரியும். பாதி 12, அதில் பாதி 6, அதில் பாதி 3. எங்கள் ஊர்ச் சண்டை அங்கேயும் காத்திருக்கும். பாதியாக்கிக்கொண்டே போனால் ஒன்றில் முடிவது 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகும் எண்கள் மட்டுமே. 2026 கால்பந்து உலகக் கோப்பையில் 48 அணிகளை 12 பிரிவாகப் போட்டிருக்கிறார்கள். பிரிவுக்கு முதல் இரண்டு என்றால் 24. அதோடு நிறுத்தாமல் மூன்றாம் இடம் பிடித்தவர்களில் சிறந்த 8 அணிகளையும் சேர்த்து 32 ஆக்கினார்கள். காரணம் இந்தக் கணக்குதான்.

அதனால் 'பை' எல்லாவற்றையும் முதல் சுற்றிலேயே கொடுத்துவிட வேண்டும். எத்தனை? 2, 4, 8, 16, 32 என்ற அந்த வரிசையில் அணிகளின் எண்ணிக்கைக்கு அடுத்து வரும் எண்ணிலிருந்து அணிகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். 32 − 21 = 11 'பை'. மிச்சம் 10 அணிகள் 5 ஆட்டம் ஆடும். ஜெயித்த 5, 'பை' வாங்கிய 11, ஆக 16. இனி 8, 4, 2 என்று சிக்கலே இல்லை.

யாருக்குக் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. 1 முதல் 21 வரை ஒரு சார்ட் அட்டையில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். 1 முதல் 11 வரை மேல் பாதி, 12 முதல் 21 வரை கீழ்ப் பாதி. ஒற்றைப்படை என்றால் கூடுதல் ஒன்று மேல் பாதிக்கு. பிறகு இந்த வரிசையில் 'பை' போடுங்கள்:

1. கீழ்ப் பாதியின் கடைசி (21)
2. மேல் பாதியின் முதல் (1)
3. கீழ்ப் பாதியின் முதல் (12)
4. மேல் பாதியின் கடைசி (11)

இதே சுற்றை உள்பக்கமாக நகர்த்துங்கள்: 20, 2, 13, 10, அப்புறம் 19, 3, 14. பதினொன்று ஆயிற்று. மேலே 4–5, 6–7, 8–9 மோதும். கீழே 15–16, 17–18 மோதும். ஒவ்வொரு பாதியிலும் அடுத்த சுற்றுக்குச் சரியாக 8 வரும். எண்ணிப் பாருங்கள், கை பழகிவிடும். 11 அணி, 13 அணி, 19 அணி என்று மூன்று முறை வெற்றுத் தாளில் போட்டுப் பார்க்காமல் மைதானத்துக்குப் போகாதீர்கள்.

எந்த அணிக்கு எந்த எண் என்பதைக் கேப்டன்கள் முன்னால் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். போன வருட முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 21 என்று முன்பே ஒதுக்கலாம், ஆனால் அதை நோட்டீசிலேயே எழுதிவிட வேண்டும். ஒரே ஊரின் 'ஏ', 'பி' அணிகள் இருந்தால் ஒன்று மேல் பாதியில், ஒன்று கீழ்ப் பாதியில் வருமாறு தனித்தனியாகக் குலுக்குங்கள்.

இதற்கு மொபைல் ஆப்கள் இருக்கின்றன. நான் பயன்படுத்துவதில்லை. சார்ட் அட்டையும் தடித்த மார்க்கரும் போதும். அட்டை மேசைக்குப் பின்னால் தொங்கினால் எல்லா அணியும் தன் பாதையைத் தானே பார்க்கும், யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். அந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுதும்படி வைப்பது நல்லது.

பணம்

கோடு போட்ட ஒரு நீள நோட்டு வாங்குங்கள். எக்செல் தெரிந்தாலும் நோட்டுதான், ஏனென்றால் அது ஊர் முன்னால் நீட்ட வேண்டிய பொருள். வரவுப் பக்கத்தில் இரண்டு பத்தி: 'சொன்னது', 'கைக்கு வந்தது'. செலவை இரண்டாவது பத்தியை மட்டும் பார்த்துச் செய்யுங்கள்.

நம் நோட்டீஸ்களில் 'முதல் பரிசு வழங்குபவர்' என்று பெயர் போடுவது வழக்கம். வாய் வார்த்தையை நம்பிப் பெயரை அச்சடித்துவிட்டு, பரிசளிப்பு அன்று கமிட்டிப் பையன்கள் சொந்தச் சம்பளத்தைப் போட்டுச் சமாளித்ததைப் பார்த்திருக்கிறேன். பணம் வந்த பிறகே பெயர் அச்சுக்குப் போக வேண்டும். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். "அச்சுக்குக் கொடுக்கப் போகிறோம் அண்ணே, தொகை வந்ததும் உங்கள் பெயரை முதலில் போட்டுவிடுகிறோம்" என்று சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

நுழைவுக் கட்டணம் 500 ரூபாய் என்று வைத்தால் 21 அணிக்கு 10,500 வரும். அது பரிசுக்குக்கூடக் காணாது. மறந்துபோகும் செலவுகள்: நடுவர்களின் பயணப்படி, தண்ணீர் கேன், ஐஸ் கட்டி, மறுநாள் மைதானம் சுத்தம் செய்யும் கூலி.

ஆட்கள்

ஒரு வேலைக்கு ஒரு பெயர். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆடுகளம், அணிகள் பதிவு, நடுவர்கள், சாப்பாடு, மைக், முதலுதவி ஆகிய ஆறுக்கும் ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் கீழே இரண்டு பேர்.

கபடிக்கு ஒரு நடுவர், இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர் என ஆறு பேர் தேவை. 15 மணி நேரத்துக்கு ஒரே ஆறு பேரை நிறுத்தினால் தூக்கக் கலக்கத்தில் தீர்ப்பு தடுமாறும். இரண்டு செட் ஏற்பாடு செய்யுங்கள். பரிசுத் தொகையைக் கொஞ்சம் குறைத்தாவது இதைச் செய்யச் சொல்வேன். முறையீட்டைக் கேட்க, எந்த அணியோடும் சம்பந்தமில்லாத மூன்று பேர் தனியாக இருக்கட்டும்.

எடைப் பிரிவு வைத்தால் தராசைச் சிமெண்டுத் தரையில் வையுங்கள். மண்ணில் வைத்த டிஜிட்டல் தராசு ஒவ்வொரு முறையும் ஓர் எடை காட்டும், பாதி தகராறு அங்கேயே பிறக்கும்.

பாதுகாப்பு

2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில், தேசிய ஜூனியர் கபடிப் போட்டியில் தற்காலிக கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு ஊர்ப் போட்டியில் ஓர் இளைஞர் ஆடுகளத்திலேயே உயிரிழந்தார். இரண்டையும் நான் மறப்பதில்லை.

சவுக்குக் கட்டையில் உயரமாக கேலரி கட்டாதீர்கள். தரையில் உட்கார வைத்து, கயிறு கட்டி, ஆடுகளத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே நல்ல இடைவெளி விடுங்கள். கோட்டருகே நாற்காலியோ கம்பமோ இருக்கக் கூடாது. 108க்கு அழைத்தாலும் வந்து சேர நேரம் பிடிக்கும். ஓட்டுநரோடு ஒரு கார் சாவி போட்டபடி மைதானத்திலேயே நிற்கட்டும். எந்த மருத்துவமனையில் இரவு மருத்துவர் இருப்பார் என்று முன்பே விசாரித்து வையுங்கள். காவல் நிலைய அனுமதிக்கு எழுத்தில் விண்ணப்பித்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவை ஊர் முன்னால் வாசித்துவிடுங்கள், மிச்சம் 200 ரூபாயாக இருந்தாலும்.

பின்னர் சேர்த்தது: பின்னூட்டத்தில் இரண்டு பேர் கேட்டார்கள், 'ஒரு அணி வராவிட்டால் அதுவும் பையா?' இல்லை, அது வாக்ஓவர். 15 நிமிடம் பார்த்துவிட்டு எதிரணிக்கு வெற்றி கொடுங்கள். அட்டையில் மற்ற எந்த அணியையும் நகர்த்தாதீர்கள். குலுக்கல் முடிந்த பிறகு 22ஆவது அணி வந்து நின்றாலும் அப்படித்தான். தெரிந்தவர்களாக இருந்தாலும் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று: பெண்கள் ஆட்டத்துக்கு ஆடுகளம் 12 × 8 மீட்டர், ஆண்களுக்கு 13 × 10. ஒரே களத்தில் இரண்டும் நடந்தால் கோடுகளை இரண்டு நிறத்தில் போடுங்கள். முறைப்படி பாதிக்கு 15 நிமிடம் என்பதால் நேரக் கணக்கு மாறாது.

மூன்றாவது: இரண்டு ஆடுகளம் போட்டால் நேரம் சரிபாதி ஆகுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆகாது. முதல் சுற்று 5 ஆட்டத்துக்கு 3 முறை, அடுத்த 8க்கு 4, காலிறுதிக்கு 2, அரையிறுதிக்கு 1, இறுதிக்கு 1. மொத்தம் 11 முறை, எட்டேகால் மணி நேரம். அரையிறுதிகளை எல்லோரும் பார்க்கும்படி ஒரே களத்தில் வைத்தால் 12 முறை, 9 மணி நேரம். ஒரே நேரத்தில் இரண்டு களத்திலும் ஆட்டம் நடக்கும் என்பதால் களத்துக்கு ஆறு பேராக 12 பேர் எப்போதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். மாற்றி விடவும் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் உறுதியான பிறகே இரண்டாவது களத்துக்கு மண் அடியுங்கள்.