டெக்ஸெட்டில் ஒரு மணி ஓசை: எஃப்எம் சிந்தசைசர் பழக முதல் படி

எஃப்எம் (ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் ஆட்டி ஒலி செய்யும் முறை) சிந்தசைசர் என்றாலே தலைசுற்றல் என்று ஒதுங்குகிறவர்களில் பலர், முதல் நாளே ஆறு ஆபரேட்டரையும் (அலையை உண்டாக்கும் அலகுகள்) திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். இரண்டு போதும். அந்த இரண்டை வைத்தே நல்ல மணி ஓசை ஒன்றைச் செய்துவிடலாம்.

மென்பொருள் டெக்ஸெட். இலவசம், ஓப்பன் சோர்ஸ், 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் ஒலி அமைப்பைப் பின்பற்றியது. காசு கொடுத்து வாங்கும் பளபளப்பான பிளகின்கள் நிறைய உண்டு, ஆனால் பழகுவதற்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஆறு ஆபரேட்டரின் எண்களும் ஒரே திரையில் கண்முன்னே இருக்கும்.

முதலில் இனிட் பொத்தானை அழுத்துங்கள். ஆபரேட்டர் 1 மட்டும் மொட்டையான சைன் அலையாகக் கேட்கும். ஆபரேட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் அமைப்புக்கு அல்காரிதம் என்று பெயர். அல்காரிதம் 1-இல் ஆபரேட்டர் 2 அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும். காதில் விழுவது 1, அதாவது கேரியர். அதன் அதிர்வெண்ணை ஆட்டிவைப்பது 2, அதாவது மாடுலேட்டர். 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் வைப்ரேட்டோவை வேகமாக்கிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்துக்கு மேல் ஆட்டம் கேட்காமல் புதிய நாதமே கேட்டது. இதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

ஒரு கீயை அழுத்திப் பிடித்தபடி ஆபரேட்டர் 2-இன் லெவலை 0-இலிருந்து மெல்ல ஏற்றுங்கள். 50 வரை எதுவும் நடக்காத மாதிரிதான் இருக்கும். 70-ஐத் தாண்டினால் கூர்மை மளமளவென்று ஏறும், ஏனென்றால் ஒவ்வொரு 8 படிக்கும் மாடுலேஷன் இரட்டிப்பாகிறது. இப்போதைக்கு 78-இல் நிறுத்துங்கள்.

அடுத்து கேரியர், மாடுலேட்டர் அதிர்வெண்களின் விகிதம், என்னை அதிகம் நிறுத்திவைத்த இடம் இதுதான். 1:1 என்றால் எல்லா ஹார்மோனிக்கும் (அடிநாத அதிர்வெண்ணின் மடங்குகள்) வரும், 1:2 என்றால் ஒற்றைப்படை மட்டும் வந்து கிளாரினெட் வாடை அடிக்கும். மணிக்கு முழு எண் உதவாது, 3.5 மாதிரி ஒன்று வேண்டும். இதை வைப்பது ஆபரேட்டர் 2-இன் கோர்ஸ், ஃபைன் என்ற இரண்டு எண்களில். கோர்ஸ் 3, ஃபைன் 50 என்று வைத்தால் 3.5 வரும் என்றுதான் தோன்றும், வருவதோ 4.5. ஃபைன் கூட்டுவதில்லை, பெருக்குகிறது: கோர்ஸ் 3-இன் மேல் 50 சதவீதம். அதனால் கோர்ஸ் 2, ஃபைன் 75 என்று வையுங்கள், கச்சிதமாக 3.50.

இப்போது உலோக நாதம் வந்திருக்கும், ஆனால் அணையாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். என்வலப்புக்குப் போங்கள், ஒலி நேரத்தோடு எப்படி ஏறி இறங்கும் என்பதை வைக்கும் இடம் அது. எல்1 முதல் எல்4 வரை எட்ட வேண்டிய அளவுகள், ஆர்1 முதல் ஆர்4 வரை அவற்றை எட்டும் வேகங்கள். இரண்டு ஆபரேட்டரிலும் எல்1 99, எல்2, எல்3, எல்4 மூன்றும் 0. ஆர்1 99. ஆர்2 கேரியருக்கு 32, மாடுலேட்டருக்கு 42. இந்தப் பத்து வித்தியாசம்தான் மணியை மணியாக்குகிறது: அடித்தவுடன் பளீரென்று ஒலித்து, கூர்மை முதலில் கரைந்து, அடிநாதம் மட்டும் நீண்டு நிற்கும். ஃபில்டரைத் தேடாதீர்கள், இங்கே அந்த வேலையை மாடுலேட்டரின் என்வலப்பே செய்கிறது.

அப்புறம் மாடுலேட்டரின் வெலாசிட்டி சென்சிட்டிவிட்டியை 4 ஆக்குங்கள். மெல்லத் தொட்டால் மென்மை, ஓங்கி அடித்தால் கணீர். கேரியரில் மட்டும் வைத்தால் சத்தம்தான் கூடிக் குறையும், குணம் மாறாது.

பின்சேர்க்கை: கீயை விட்டதும் ஓசை வெட்டினமாதிரி நின்றுவிடுகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இனிட்டில் ஆர்4 99 ஆக இருக்கும், அதுதான் காரணம். இரண்டு ஆபரேட்டரிலும் அதை அந்தந்த ஆர்2 அளவுக்கே இறக்குங்கள். மேல் ஸ்தாயியிலும் ஓசை அதே நீளம் இழுக்கிறதா? ரேட் ஸ்கேலிங்கை 3 ஆக்கினால் உயர்ந்த சுரங்கள் சீக்கிரம் அடங்கும்.

இது கைவந்தபின் அல்காரிதம் 5-க்கு மாறுங்கள். அங்கே 4 என்பது 3-ஐ ஆட்டும். 3-இன் லெவலை ஏற்றி, 4-க்குக் கோர்ஸ் 14, லெவல் 60 சொச்சம், சட்டென்று அணையும் என்வலப் கொடுத்துப் பாருங்கள், எலெக்ட்ரிக் பியானோவின் அந்த டிங் வந்துவிடும்.