ஜெஃப்ரி பாவாவின் ஹோட்டல்களில் தங்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

கட்டடம் பார்ப்பதற்காகவே பயணம் போக நினைப்பவர்கள் இலங்கையில் தொடங்கலாம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) வடிவமைத்த ஹோட்டல்களில் பல இன்றும் நடக்கின்றன. ஒரு வாரத்துக்கு மூன்று போதும். ஐந்துக்கு ஆசைப்பட்டால் பெட்டி கட்டுவதிலேயே பொழுது போய்விடும்.

1. மாதம்

பிப்ரவரி அல்லது மார்ச். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், குளிக்க விடமாட்டார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை தம்புள்ளைப் பக்கம் மழை.

2. வழி

கொழும்பில் ஓர் இரவு, தம்புள்ளையில் இரண்டு, பெந்தோட்டையில் இரண்டு, காலியில் ஒன்று. கொழும்பில் பாவாவின் சொந்த வீடான 'நம்பர் 11'ஐப் பார்க்க முன்பதிவு தேவை. அங்கே நிற்கும் செட்டிநாட்டுத் தூண்களைக் கவனியுங்கள். பெந்தோட்டைக்குக் கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயிலேறி அளுத்கமவில் இறங்குங்கள். தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலில்தான் கடல்.

3. அறை

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். தம்புள்ளையில் 1994இல் திறந்த கண்டலம ஹோட்டலை முதலில் சிகிரியா பாறையின் அடிவாரத்தில் கட்டத்தான் திட்டம். பாவா மறுத்து, கண்டலம குளத்துக்கு இக்கரையில் வேறொரு மலைச்சரிவைத் தேர்ந்தார். பாறையைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கட்டடம் மலையைச் சுற்றி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வளைந்து போவதால் எல்லா அறையிலிருந்தும் சிகிரியா தெரியாது. 'லேக் வியூ' என்று மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், "பால்கனியிலிருந்து சிகிரியா தெரியுமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு முழுக்கக் கொடி படர விட்டிருக்கிறார்கள், அதனால் மேல்மாடி கேளுங்கள். முட்டிவலிக்காரர் கூட வந்தால் லாபிக்குப் பக்கத்து அறை. பால்கனிக் கதவைத் திறந்துபோட்டுக் குளிக்கப் போனால் குரங்கு உள்ளே வந்து பழத்தட்டைக் காலி செய்துவிடும்.

4. விலை

விலைக்குப் பின்னால் '++' இருந்தால் அது முழு விலை இல்லை. 10% சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 18% வாட். 100 டாலர் அறை கிட்டத்தட்ட 130 டாலராகும். வேறு சிறு வரிகளும் உண்டு. 'எல்லாம் சேர்த்து எவ்வளவு' என்று கேட்டே ஒப்பிடுங்கள்.

5. பார்க்கும் நேரம்

ஹோட்டலுக்கு மதியம் 2 மணிக்குள் போய்ச் சேருங்கள். கண்டலமவில் குகை மாதிரி நடைவழியில் பாறையைத் தொட்டுக்கொண்டே நடந்தால் சட்டென்று குளம் விரியும். இருட்டிய பின் வந்தால் அந்தத் திறப்பு கிடைக்காது. மறுநாள் விடிந்ததும் மாடிப்படிக் கூடத்துக்குப் போங்கள். அங்கே இலங்கைச் சிற்பி லக்கி சேனாநாயக்கவின் பெரிய ஆந்தைச் சிற்பம் இருக்கிறது.

பெந்தோட்டையில் தங்கும்போது அரைநாள் லுனுகங்கவுக்கு ஒதுக்குங்கள். பாவா ஐம்பது ஆண்டு செதுக்கிய தோட்டம் அது. சுற்றிக் காட்டுவது குறித்த நேரங்களில் மட்டும் என்பதால் முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.

கையில் காசு குறைந்தால் காலியில் பாவா வடிவமைத்த லைட்ஹவுஸ் ஹோட்டலில் (1997) இரவு தங்குவதைத்தான் முதலில் வெட்டலாம். மதியச் சாப்பாட்டுக்கு மேசை சொல்லிவைத்துவிட்டுப் போனாலே முக்கியமானதைப் பார்த்துவிடலாம்: வட்டமாகச் சுற்றி ஏறும் படிக்கட்டு. 1630இல் கண்டி அரசின் படைக்கும் போர்த்துகீசியருக்கும் நடந்த ரந்தெனிவெல போரை லக்கி சேனாநாயக்க உலோக உருவங்களாக வார்த்திருக்கிறார். கைப்பிடிச் சுவரே அந்தப் படைதான், ஆகவே கீழிருந்து மெதுவாக ஏறுங்கள்.