கவிழ்த்துப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள்: வடசென்னையில் பழைய மரச்சாமான் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 பிப்ரவரியில் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் மகளுக்காக எழுதும் மேசை வாங்கினேன். மூன்று இழுப்பறை, பித்தளைக் கைப்பிடி, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ். "தேக்கு சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். 4,500 சொன்னார், 3,200-க்கு முடிந்தது. ஏப்ரலில் முன்கால்கள் இரண்டும் அடியில் ஏடு ஏடாகப் பிரிய ஆரம்பித்தன. மேலே ஒட்டியிருந்த தேக்குத் தோல் உரிந்த இடத்தில் எட்டிப் பார்த்தது ஊறிப்போன பிளைவுட்.

எங்கள் தெருவில், ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். மேசையின் மேற்பலகையை அவர் பார்க்கவே இல்லை. அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, கால்களின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்தார். தரையிலிருந்து ஒன்றரை சாண் உயரத்தில், நான்கு கால்களிலும் ஒரே மட்டத்தில், சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தது. "வெள்ளத்துல நின்ன மேசைப்பா இது. மேல இன்னாத்த பாத்த? அடியில பாக்க வேணாமா?" என்றார்.

நான் வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையில் பல வீடுகளில் தண்ணீர் நின்றது. நனைந்த சாமான்களை ஜனங்கள் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். அது காய்ந்து, பாலிஷ் ஏறி, கடைக்கு வந்திருக்கிறது. பாலிஷ் போட்டவர் வெளிப்பக்கம் மட்டும்தான் போட்டிருந்தார். கவிழ்த்திருந்தால் வாங்கும்போதே தெரிந்திருக்கும். அந்த மேசைக்குப் பிறகு ஏழெட்டுச் சாமான் வாங்கிவிட்டேன், ஒன்றும் சோடை போகவில்லை. நானும், என்னோடு கடைக்கு வந்த நண்பர்களும் செய்த தவறுகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மேலே பார்த்து மயங்குவது

மற்ற தவறுகள் பாதி இதிலிருந்துதான் வருகின்றன. பழைய மரச்சாமானின் உண்மை அதன் முதுகிலும் வயிற்றிலும் இருக்கிறது. இழுப்பறையை முழுவதும் வெளியே எடுங்கள். அதன் முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் அது நிதானமாகச் செய்த வேலை. ஆணி அடித்து ஒட்டியிருந்தால் விலையும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். இழுப்பறை இருந்த பொந்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பாலிஷ் ஏறாத நிஜமான மரம் அங்கேதான் தெரியும்.

ஒரே மரமா, தோல் ஒட்டியதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மேற்பலகையில் ஓடும் ரேகைகள் விளிம்பில் மடங்கித் தொடர்கின்றனவா என்று பாருங்கள். முழு மரத்தில் மேலே ஓடும் ரேகை பக்கவாட்டிலும் பொருந்தி இறங்கும். தோல் ஒட்டியதில் விளிம்போடு ரேகை நின்றுபோய், அங்கே தனியாக ஒரு பட்டை இருக்கும். பிளைவுட்டே கூடாது என்று சொல்லவில்லை. காய்ந்த நல்ல பிளைவுட் மேசை பத்து வருடம் தாராளமாக உழைக்கும். தேக்கு விலை கொடுத்து அதை வாங்குவதுதான் தவறு.

வியாசர்பாடி, பட்டாளம், புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை எல்லாம் மழை வந்தால் தண்ணீர் தேங்கும் இடங்கள். அதனால் இங்கே கால்களைப் பார்ப்பதை ஒரு சடங்கு மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மட்டத்தில் கோடு, அடியில் உப்பல், கீலில் துரு, இழுப்பறைக்குள் சேற்று வாடை: இதில் இரண்டு சேர்ந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 2023 வெள்ளத்தில் எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் புகுந்தது. எண்ணெய் குடித்த மரத்தில் பாலிஷும் பெயிண்டும் சரியாகப் பிடிக்காது.

நாற்காலியோ கட்டிலோ, எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக்கொண்டு குறுக்காக ஆட்டுங்கள். லேசாக முனகினால் பரவாயில்லை, பழைய பசையைச் சுரண்டிவிட்டு ஃபெவிகால் வைத்து இறுக்கினால் சரியாகும். ஆட்டத்தை நிறுத்த மூட்டில் நாலு கம்பி ஆணி அறைந்திருந்தால் யோசியுங்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடல் காற்று இரும்பை விட்டுவைக்காது; ஆணி துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் தின்றுவிடும்.

இரும்புப் பீரோவும் இதே கதைதான். பீரோவின் அடித்தகடும் பின்கால்களும்தான் முதலில் போகும். ஓட்டையைப் பட்டி போட்டு அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் தளர்ந்து விழும். அதே காந்தம் பித்தளைக் கைப்பிடியில் ஒட்டினால், அது பித்தளைப் பூச்சு பூசிய இரும்பு. பீரோவுக்கு இரண்டு சாவியும் இருக்கிறதா, உள் லாக்கருக்குச் சாவி திரும்புகிறதா என்று நீங்களே திருப்பிப் பாருங்கள்.

பூச்சியை வீட்டுக்கு அழைத்து வருவது

மரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். ஓட்டையின் வாய் கறுத்து, தூசி அடைந்திருந்தால் பூச்சி போய்ப் பல காலம் ஆகியிருக்கும். ஓட்டை வெளுப்பாக இருந்து, தட்டினால் மாவு மாதிரி தூள் கொட்டினால் உள்ளே உயிர் இருக்கிறது. கரையான் வேறு மாதிரி: வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, தட்டினால் சத்தம் மட்டும் பொத்தென்று வரும். காலடியிலிருந்து மேலே வரை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மாறும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள்.

கட்டிலிலும் பிரம்பு நாற்காலியிலும் மூட்டைப்பூச்சிதான் பெரிய வில்லங்கம். மூட்டு இடுக்குகளில், ஸ்க்ரூ குழிகளில், தலைமாட்டுப் பலகையின் பின்னால் பேனா மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய மெத்தை, தலையணை, பஞ்சு வைத்துத் தைத்த சோபா: இவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், ஏன், சும்மாவே கொடுத்தாலும் வேண்டாம்.

வீட்டை அளக்காமல் கிளம்புவது

நண்பர் ஒருவர் ராயபுரத்தில் காலிசெய்யும் வீட்டிலிருந்து ஏழடி உயர அலமாரி ஒன்றை வாங்கினார். நல்ல மரம், நல்ல விலை. அவர் வீட்டு மாடிப்படி இரண்டரை அடி அகலம். நேராக ஏறியது, திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றி, மேலே கொண்டுபோய்ப் பூட்ட வேண்டியதாயிற்று. வாசல், மாடிப்படி, திருப்பம், வைக்கப்போகும் சுவர், நான்கையும் அங்குலத்தில் அளந்து போனில் குறித்து வையுங்கள். இன்ச் டேப் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

வண்டிச் செலவை மறப்பதும் இதோடு சேர்ந்ததுதான். பெரம்பூரிலிருந்து எங்கள் வீட்டுக்குக் குட்டியானைக்கு 700, மூன்றாம் மாடிக்கு ஏற்றத் தனியாக 600 கொடுத்தேன். சாமானின் விலையே 1,800-தான். பக்கத்துப் பேட்டை என்றால் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மலிவு. எதுவானாலும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கூலி மூன்றையும் வண்டி கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

இடித்த வீட்டு மரத்தைக் கண்ணளவில் வாங்குவது

வடசென்னையில் கிடைக்கும் நல்ல மரம் எது என்று என்னைக் கேட்டால், கடையில் நிற்கும் நாற்காலியை விட இடிக்கிற வீட்டின் கூரையைத்தான் காட்டுவேன். ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் உள்ள பழைய வீடுகளுக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்குக் கைமரங்களை நெருக்கமாக அடுக்கி, மேலே செங்கல்லைச் செங்குத்தாக வைத்துச் சுண்ணாம்பால் கட்டியது. வீட்டை இடிக்கும்போது அந்தக் கைமரங்களும் கதவு நிலைகளும் பழைய மரக்கடைகளுக்கு வருகின்றன. பல பத்தாண்டுகள் கூரையில் கிடந்து காய்ந்த மரம். இனி லேசில் முறுக்காது, சுருங்காது. அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

இங்கே தவறு கணக்கில் நடக்கிறது. மரம் கன அடியில் விற்பனை. அகல அங்குலத்தைத் தடிப்பு அங்குலத்தால் பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 6 அங்குலத்துக்கு 4 அங்குலத்தில் 10 அடிக் கட்டை என்றால் 240-ஐ 144-ஆல் வகுக்க, 1.67 கன அடி வரும். கடைக்காரர் இரண்டு என்று முழுசாக்கினால் ஐந்தில் ஒரு பங்கு போல அதிகம் கொடுக்கிறீர்கள். முனையில் உளுத்த பகுதி, வெட்டுக்குழி, வெடிப்பு எல்லாவற்றையும் கழித்து, உபயோகப்படும் நீளத்துக்கு மட்டும் விலை பேசுங்கள். அப்புறம், அறுக்கக் கொடுக்கும் முன் எல்லா ஆணியையும் பிடுங்கியாக வேண்டும். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஒரே ஆணி இழைப்பு மெஷினின் பிளேடை உடைத்துவிடும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

"நூறு வருஷத்துப் பொருள்" என்பதை நம்பிவிடுவது

சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. இன்றும் பழசு விற்பவர்கள் பலர் அந்தப் பெயரைச் சொல்லியே ஒரு பொருளுக்கு வயசு ஏற்றுகிறார்கள். வாய்ச்சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். கூட்டல் குறி வெட்டிய ஸ்க்ரூ 1930-களில்தான் வந்தது. நூறு வருட நாற்காலியில் அது இருந்தால் பிற்பாடு பழுது பார்த்திருக்கிறார்கள், அல்லது வயசு பொய்.

பளபளக்கும் பித்தளைக் குழாயோடு, நாய்ப் படம் ஒட்டிய கிராமபோன் பெரும்பாலும் புதிதாகக் கோத்துப் பழசு மாதிரி விற்கப்படுவது. 1818 என்று பொறித்து, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் உள்ள அணாக் காசும் அப்படித்தான்; கிழக்கிந்தியக் கம்பெனி அந்த மாதிரி நாணயம் வெளியிடவே இல்லை. அழகுக்காக வாங்குங்கள், புதையல் என்று வாங்காதீர்கள். பழைய மின்விசிறி வாங்கினால் மோட்டாரில் உள்ள தகட்டைப் படியுங்கள். டி.சி. (நேர்மின்சாரம்) என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு மாறுமின்சாரத்தில் அது நேராக ஓடாது.

இது மட்டும் கண்டிப்பாக: பழைய சாமி சிலை, தந்தத்தில் செய்த பொருள், இரண்டையும் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த சிலைகளைப் பதிவு செய்ய வேண்டும், விற்கிறவருக்கு உரிமம் வேண்டும். அந்தச் சிலை எந்தக் கோயிலின் கருவறையிலிருந்து வந்ததோ! தந்த வியாபாரம் வனவிலங்குச் சட்டப்படி முழுக்கத் தடை.

வந்த அன்றே தேய்க்க ஆரம்பிப்பது

வாங்கி வந்ததும் உப்புத்தாளை எடுக்காதீர்கள். முதலில் ஈரத்துணி, அடுத்த நாள் உலர்ந்த துணி. பழைய பாலிஷ் பலவும் அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்துப் போட்டது. மறைவான ஓரத்தில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குதான், அதன் மேலேயே மெல்லப் புதிதாக ஏற்றலாம். பல வருடம் கை பட்டு வந்த நிறத்தை ஒரு மணி நேரத்தில் தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வராது.

பெயிண்ட் அடித்த பழைய தொட்டில், அலமாரி என்றால் இன்னும் ஜாக்கிரதை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்-முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டைக் காய்ந்தபடி தேய்த்தால் ஈயத் தூள் பறக்கலாம், குழந்தைகளுக்கு அது விஷம். தண்ணீர் தொட்டு, மாஸ்க் போட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் தேய்க்கச் சொல்லுங்கள்.

பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புவது

போனில் படம் பார்த்து வாங்குவோர் அதிகமாகிவிட்டார்கள். "வேற ஆள் கேட்கிறாங்க, ஆயிரம் அனுப்பிட்டா எடுத்து வெக்கறேன்" என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் விற்கும்போது, பணம் வருவதற்கு கியூஆர் ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நேரம் தெரியாமல் பேரம் பேசுவது

போகிக்கு முந்தின இரண்டு வாரமும், பள்ளி திறப்பதற்கு முன் வீடு மாறும் மே மாதமும் சாமான்கள் நிறைய வெளியே வரும் காலம். வீட்டுக்காரரிடமே நேராக வாங்க முடிந்தால் கடை லாபம் மிச்சம். ஆனால் கஷ்டத்தில் வீட்டைக் காலிசெய்கிறவரிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்க எனக்கு மனசு வருவதில்லை. கடையில் பேசும்போது குறையைக் கையால் தொட்டுக் காட்டுங்கள்: "அண்ணே, இந்தக் கால் பின்னாடி வெடிச்சிருக்கு, ஆசாரிக்கே ஐநூறு ஆகும்." வெறுமனே குறையுங்கள் என்று கேட்பதை விட இதற்குப் பலன் உண்டு. பூச்சி இருந்தால் மூன்று நாளில் திருப்பி எடுத்துக்கொள்வதாகத் துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாமானை நேராக அறைக்குள் கொண்டுபோக வேண்டாம். பால்கனியிலோ மொட்டை மாடி நிழலிலோ வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன் மேல் மூன்று ராத்திரி நிறுத்துங்கள். காலையில் கால்களைச் சுற்றி மாவு கொட்டியிருந்தால், மரப்பூச்சி மருந்தை ஊசியால் ஓட்டைக்குள் ஏற்றுவதா, சீட்டைக் காட்டித் திருப்பிக் கொடுப்பதா என்று அன்றே முடிவெடுங்கள். மூன்று ராத்திரியும் வேட்டி வெள்ளையாகவே இருந்தால் உள்ளே எடுத்து வைக்கலாம்.