நுனியை நம்பாதீங்க: தோட்டாவில் குண்டு எவ்வளவு ஆழம் என்று அளக்கும் முறை

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜில் உட்கார்ந்து, என் ரைஃபிளின் பேரலுக்குள் ஒரே குண்டு எங்கே போய் முட்டுகிறது என்று ஐந்து தடவை அளந்தேன். 2.262, 2.246, 2.257, 2.239, 2.251 இஞ்ச் என்று ஐந்து விடை வந்தது. குண்டு, ரைஃபிள், காலிப்பர் எதையும் மாற்றவில்லை. கோளாறு என் கட்டைவிரலில் இருந்தது என்று தெரிய இரண்டு வாரம் ஆனது.

நான் இருப்பது டெக்சஸில். இங்கே வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்வது சாதாரணப் பொழுதுபோக்கு. ஊரிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூடு) சைஸ் பண்ணி அளவுக்குக் கொண்டுவருவது, தீப்பொறி தரும் பிரைமரை ஏற்றுவது, பவுடர் நிறுப்பது எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கு நல்ல மேனுவல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

என் ரைஃபிள் .308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவுக்கானது, போடுவது சியரா மேட்ச்கிங் 168 கிரெயின் எடைக் குண்டு. அந்தக் குண்டின் நுனியை லென்ஸ் வைத்துப் பாருங்கள், எலி கடித்த மாதிரி இருக்கும். ஒரே டப்பாவில் ஒன்றுக்கொன்று நீளம் வேறுபடும். மேனுவலில் .308க்கு அதிகபட்சம் 2.810 இஞ்ச் என்று போட்டிருப்பது தோட்டாவின் அடியிலிருந்து இந்த நுனி வரை. தோட்டாக்களை அடுக்கும் மேகசீனுக்குள் நுழையுமா என்று பார்க்க அது போதும். ஆனால் பேரலுக்குள் வரிமேடுகளில் (குண்டைச் சுழலவைக்கும் மேடுகள்) முதலில் போய் முட்டுவது நுனி இல்லை, குண்டின் வளைவு பருத்து முழு விட்டத்தை எட்டப்போகும் இடம். அதை ஓஜைவ் என்பார்கள். நாம் அளக்க வேண்டியது அடியிலிருந்து ஓஜைவ் வரை.

இதற்கு மூன்று சாமான் வேண்டும்: காலிப்பர், அதன் தாடையில் மாட்டி ஒரு துளையால் குண்டை ஓஜைவில் பிடிக்கும் கம்பேரேட்டர், ஹார்னடி கம்பெனியின் ஓஏஎல் (தோட்டா நீளம் அளக்கும்) கேஜ். கேஜில் நேரானது, வளைந்தது என இரண்டு உண்டு. ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுக்கும் போல்ட் ஆக்‌ஷன் என்றால் நேரானது. காலிப்பரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முதலில் வாங்கிய மலிவு டிஜிட்டல், கராஜ் குளிரில் பூஜ்ஜியத்தை மறந்துவிடும். இப்போது வைத்திருப்பது ஜப்பானின் மிட்டுடோயோ. கம்பேரேட்டரை மாட்டிய பிறகு பூஜ்ஜியம் செய்யுங்கள். பிளஸ் ஒன் லேபில் வெர்னியரின் பூஜ்ஜியப் பிழையை எழுதாமல் மார்க் போனவர்களுக்கு இது மறக்காது.

போல்ட்டைக் கழற்றுங்கள். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்பதைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் உறுதி செய்யுங்கள். மேசையில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. சேம்பரையும் அதன் முன்வாயையும் துடையுங்கள், கரி ஒட்டியிருந்தால் அளவு குறைவாகக் காட்டும். கேஜின் நுனியில் அதற்கென்று விற்கும் மாடிஃபைடு கேஸைத் திருகி, கழுத்துக்குள் குண்டை உள்வாங்கி வையுங்கள். சேம்பருக்குள் விட்டு, கேஸின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) முட்டும்வரை தள்ளி, அப்படியே அழுத்திப் பிடியுங்கள். இனி உள்கம்பியைத் தள்ளிக் குண்டை வரிமேட்டில் முட்டவைக்க வேண்டும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். "முட்டும்வரை தள்ளு" என்றால் நான் காலிங் பெல் அழுத்துவது போல அழுத்தினேன். குண்டின் மேலுறை செம்பு, பேரல் எஃகு. அழுத்தினால் செம்புதான் விட்டுக்கொடுக்கும், குண்டு வரிமேட்டுக்குள் ஆப்பு மாதிரி இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது அன்றைக்குக் காபி குடித்தோமா என்பதைப் பொறுத்தது. குண்டை லென்ஸில் பார்த்தபோதுதான் வளைவைச் சுற்றிச் சின்னச் சின்னக் கீறல்கள் சீரான இடைவெளியில் தெரிந்தன.

இப்போது செய்வது இது: ரைஃபிளின் முகவாய் (குண்டு வெளியேறும் முனை) கீழே பார்க்கும்படி சாய்த்து வைப்பேன். உள்கம்பியைச் சுண்டுவிரலால் மெல்லத் தள்ளுவேன். நின்றதும் பென்சிலின் அடிப்பக்கத்தால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். கம்பி நகராதபடி திருகை இறுக்கிக் கேஜை வெளியே எடுப்பேன். குண்டு உள்ளேயே தங்கிவிட்டால் பதற வேண்டாம், முகவாய் வழியாகத் துடைப்புக் கம்பியை விட்டால் விழுந்துவிடும். அதை மறுபடி கேஸில் கம்பி முட்டும்வரை வைத்து, கம்பேரேட்டரால் அளக்க வேண்டும். புது முறையில் ஐந்து அளவு: 2.238, 2.239, 2.239, 2.240, 2.239.

இன்னொரு சின்ன விஷயம். கடையில் வாங்கிய மாடிஃபைடு கேஸின் தோள், என் ரைஃபிளில் சுட்டு சைஸ் பண்ணிய கேஸின் தோளைவிட 0.004 இஞ்ச் பின்னால் இருந்தது. அதைக் கூட்டினால் 2.243. இதுதான் என் ரைஃபிளில், இந்தக் குண்டு முட்டும் இடம்.

இதிலிருந்து 0.020 கழித்துத் தொடங்குவது வழக்கம். கழித்துப் பார்த்தால் தோட்டா என் மேகசீனுக்குள் நுழையவில்லை! கடைசியில் 2.196இல் நிறுத்தினேன், அதாவது 0.047 இஞ்ச் தாவல் (வரிமேட்டில் முட்டும்முன் குண்டு கடக்கும் இடைவெளி). இவ்வளவு பாடுபட்டு அளந்த பிறகு முடிவெடுத்தது ஒரு தகரப் பெட்டி. பரவாயில்லை, தாவல் எவ்வளவு என்றாவது இப்போது தெரியும்.

குண்டைக் கேஸுக்குள் அழுத்தி இறக்கும் சீட்டிங் டையை முதலில் உயரமாக வைத்து, பவுடரும் பிரைமரும் இல்லாத டம்மியில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் அளந்து 2.196க்கு வாருங்கள். டையின் தண்டு நுனியில் முட்டாமல் வளைவில் உட்கார வேண்டும். ஆழத்தை மாற்றினால் பவுடர் எடையையும் மேனுவலின் தொடக்க அளவுக்கு இறக்குங்கள். வரிமேட்டில் முட்டினாலும் அழுத்தம் ஏறும், ரொம்ப ஆழமாக இறக்கிக் கேஸுக்குள் இடம் குறைந்தாலும் ஏறும்.

பிற்சேர்க்கை: "என் நண்பரும் அதே குண்டு, அதே ரைஃபிள், அவருக்கு 2.231 வருகிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். கம்பேரேட்டரின் துளை ஒவ்வொன்றிலும் துளி மாறும், சேம்பரும் அப்படித்தான். அந்த எண் உங்கள் கருவிக்கும் உங்கள் ரைஃபிளுக்கும் மட்டும் சொந்தம், கடன் வாங்காதீங்க. வேறு குண்டுக்கு மாறினால் முதலிலிருந்து அளக்க வேண்டும்.

இன்னொருவர் தன் டம்மியை நிஜத் தோட்டாக்களோடு கலந்துவிட்டு, ஒரு டப்பா முழுக்கப் பிரித்திருக்கிறார். டம்மி செய்யும் கேஸின் பக்கத்தில் முதலிலேயே ஒரு துளை போட்டுவிடுங்கள். நான் துளையைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரும் பூசி, எண்ணை எழுதிக் குண்டு டப்பாவுக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.