மொடிஃபை செய்த கார் ஹீட் ஆகிறதா? பஞ்சிகாவத்தைக்கு ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கார் ஹீட் ஆகத் தொடங்கியதும் பலர் முதலில் செய்வது, நேரே கொழும்பில் கார்ப் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பெரிய அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கி வருவதுதான். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிரவைப்பது), பம்பர், ஃபேன் என்று முன்பக்கத்தில் கைவைத்த கார்களில், இருக்கிற ரேடியேட்டருக்கே ஒழுங்காகக் காற்றுப் போகாமல்தான் பெரும்பாலும் சூடேறுகிறது. காற்றுப் போகாத இடத்தில் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தும் பிரயோசனமில்லை.

என்னுடையது டொயோட்டா ஸ்டார்லட் ஜிடி டர்போ. கம்பனி இன்டர்கூலர் என்ஜினுக்கு மேலே, பொனட் ஸ்கூப்புக்குக் கீழே இருந்தது. அதைக் கழற்றி ரேடியேட்டருக்கு முன்னால் பெரிதாக ஒன்று போட்டேன். அன்றிலிருந்து பின்னேரம் வெள்ளவத்தை ஜாமில் மாட்டினால் டெம்பரேச்சர் ஊசி ஏறும், பம்பலப்பிட்டி தாண்டி கொஞ்சம் ஓடினால் இறங்கும்.

அந்த ஏற்ற இறக்கம்தான் முதல் துப்பு. அதனால் எதையும் கழற்ற வேண்டாம், நாலைந்து நாள் ஓடி, எப்போது ஹீட் ஆகிறது என்று மட்டும் குறித்து வையுங்கள். ஜாமில் மட்டும் ஏறினால் ஃபேன் பக்கம் பாருங்கள். கொட்டாவயில் தெற்கு ஹைவேயில் ஏறி கெலனிகம போவதற்குள் சூடு ஏறினால் முன்பக்கக் காற்று வழி, தண்ணீர் ஓட்டம், அல்லது டியூனிங். காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடத்திலேயே ஏறினால் தண்ணீர் குறைவு, இல்லாவிட்டால் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவில்லை. கம்பனி மீற்றரை மட்டும் நம்பாதீர்கள், பல கார்களில் அந்த ஊசி நடுவிலேயே நின்றுவிட்டு நிலைமை மோசமான பிறகுதான் அசையும். மேல் ஹோஸில் சென்சர் வைத்துத் தனியாக ஒரு டெம்பரேச்சர் மீற்றர் போடுவது, டர்போ காருக்கு நீங்கள் செலவழிக்கும் காசில் மிக நல்ல காசு.

ஊசி சிவப்புக்குப் போனால் ஓரமாக நிறுத்தி என்ஜினை ஓஃப் செய்யுங்கள், ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். 0.9 என்று அடித்த மூடி, உள்ளே அழுத்தம் கொடுத்து, தண்ணீரை ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்கவிடாமல் வைத்திருக்கும். திறந்த கணத்தில் அழுத்தம் போய், கொதிநீரும் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகு, மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சின்ன மூடி பழுதானாலே கார் கொதிக்கும்.

அடுத்தது ஃபேன். காரை நிறுத்தி ஐடிலில் விட்டு, ஏசியையும் போட்டு, ஃபேன் சுற்றத் தொடங்கியதும் ஒரு வீரகேசரிப் பத்திரிகைத் தாளை முன்னாலிருந்து கிரில் பக்கமாகப் பிடியுங்கள். கையை ஃபேனுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து சரியாக இழுத்தால் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். என் காரில் தாள் என் பக்கமாகப் படபடவென்று பறந்தது! கராஜில் புது ஃபேன் போட்டபோது இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், மோட்டர் தலைகீழாகச் சுற்றி என்ஜின் சூட்டையே ரேடியேட்டருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. ஹைவேயில் எதிர்க்காற்று அதை வென்றுவிடும், ஜாமில் வெல்ல எதுவுமில்லை. வயரை மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மற்றப் பாதி ஷ்ரவுட். ஃபேனைச் சுற்றி ரேடியேட்டர் முழுவதையும் மூடும் அந்தப் பிளாஸ்டிக் கூட்டை, மெல்லிய ஃபேன் போடும்போது பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே இருக்கிற பகுதியில் மட்டும்தான் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். தகட்டில் ஒன்று அடித்துப் போடுங்கள். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில், பக்கங்களில், மேலே தெரிகிற இடைவெளிகளைத் தடித்த ஃபோமால் அடையுங்கள், ஏனென்றால் காற்று எப்போதும் லேசான வழியைத்தான் தேடும். காரின் உயரத்தைக் குறைத்தபோது கழற்றிய அடித்தட்டையும் திரும்பப் பூட்டுங்கள். பம்பருக்குக் கீழே அது இல்லாவிட்டால் வேகத்தில் வருகிற காற்று ரேடியேட்டரைத் தவிர்த்து அடியால் நழுவிவிடும், ஹைவே சூட்டுக்கு இது பெரிய காரணம்.

காற்று சரியாகியும் ஹைவேயில் ஏறுகிறதென்றால் தண்ணீரைப் பாருங்கள். ரேஸ் கொடுக்கும்போது கீழ் ஹோஸ் சப்பையாகிறதா என்று ஒருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் தகடுகளில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறதா பாருங்கள், கடலோரத்தில் ஓடுகிற காருக்கு இது சகஜம். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக் பாஸ்மார் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். சில என்ஜின்களில் அந்த வால்வுதான் சூடானதும் பைபாஸ் வழியை அடைக்கிறது, அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். வெறும் பைப் தண்ணீரும் வேண்டாம், உள்ளே துருப்பிடிக்கும். கூலன்ட் பாதி, டிஸ்டில் வோட்டர் பாதி.

இத்தனைக்குப் பிறகும் டர்போ அழுத்தம் ஏற, அதாவது பூஸ்ட் கொடுத்தால் மட்டும் ஏறினால், பெட்ரோல் குறைவாகப் போகிறதா, இக்னிஷன் டைமிங் பிந்திவிட்டதா என்று டியூன் செய்தவரிடம் காட்டுங்கள், அதுவரை பூஸ்ட் வேண்டாம்.

என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருக்கிற ஹெட் கேஸ்கெட்டையும் பார்த்துவிடுங்கள். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழி வருவது காற்று, பயமில்லை. விடாமல் சரம்சரமாக வந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். உறுதி செய்ய, நீலத் திரவம் ஊற்றிய டெஸ்டர் ஒன்றை ரேடியேட்டர் வாயில் வைப்பார்கள், என்ஜின் புகை தண்ணீரில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். அப்படியானால் ஓடாதீர்கள், அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

கடைசியாகக் கூலன்ட் நிரப்பும்போது காரின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும், ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வையுங்கள், உள்ளே மாட்டிய காற்று வெளியேறும் வரை மெதுவாக ஊற்றுங்கள். அப்புறம் ஒரு சுற்று ஓடிவிட்டு, அடுத்த நாள் காலையில் ரிசேர்வ் டாங்கில் மட்டம் எங்கே நிற்கிறது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கலாம், ஹோஸ் கிளிப்புகளிலிருந்து தேடத் தொடங்குங்கள்.