அல்பராசின் கோட்டை ஊர்: போகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

வழுக்காத காலணி, தண்ணீர் பாட்டில் இவற்றையெல்லாம் எடுத்துப் போக எல்லோருக்கும் தெரியும். ஸ்பெயினின் தெருவெல் நகரிலிருந்து சுமார் 38 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 1,170 மீட்டர் உயரத்தில் இருக்கும் அல்பராசினில் பயணிகள் கோட்டைவிடுவது வேறு விஷயங்களில்.

நண்பகலில் வந்து மாலைக்குள் கிளம்புவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். வலென்சியாவிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். பத்து மணிக்குப் புறப்பட்டு, கீழே வண்டியை நிறுத்தி, மேடேறி ஊரின் மையச் சதுக்கமான பிளாசா மயோருக்கு வரும்போது மணி ஒன்றாகிவிடும். சற்று நேரத்தில் மதிய இடைவேளைக்குக் கதவுகள் சாத்தப்படும். கோட்டைக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. சாந்தா மரியா அறக்கட்டளை நடத்தும் வழிகாட்டிச் சுற்றில்தான் போக வேண்டும். அதற்கும் குறிப்பிட்ட நேரங்கள்தான். இது தெரியாமல் வந்தவர்கள் சதுக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இடைக்கால முஸ்லிம் அரச வம்சமான பனூ ரசீன் ஆண்ட கோட்டையில் அகழ்ந்தெடுத்த குடியிருப்புகளை அவர்கள் பார்ப்பதே இல்லை.

ஓர் இரவு தங்குங்கள். கோட்டைச் சுற்றுக்கு முன்பதிவு செய்த பிறகே மற்றதைத் திட்டமிடுங்கள். மதிலை மாலைக்கு வையுங்கள். குவாதலாவியார் ஆறு வளைந்தோடுவதால் ஊரின் பெரும்பகுதிக்கு ஆறும் செங்குத்துப் பாறையுமே அரண். குன்றுப் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. அதை அடைக்கத்தான் மதில் அந்தச் சரிவில் அந்தாதோர் கோபுரம் வரை ஏறுகிறது. மேலே நின்றால் இந்த அமைப்பு ஒரே பார்வையில் விளங்கும். 1284இல் அரகோன் அரசர் மூன்றாம் பெத்ரோ இந்த ஊரை முற்றுகையிட்டுத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறும் பாதையில் கல் உருளும், நிழல் கிடையாது. இருட்டும் முன் இறங்கிவிடுங்கள்.

காரை ஊருக்குள் ஓட்டுவது

வேண்டவே வேண்டாம்.

மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு தேடுவது

மதிய உணவை மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள். இரவுச் சமையல் எட்டரைக்கு மேல்தான் தொடங்கும்.

சுவரில் பையை உரசுவது

இங்குள்ள செந்நிறப் பூச்சு உள்ளூர் ஜிப்சம். மென்மையானது, உரசினால் உதிரும்.

பாறை ஓவியத்தில் தண்ணீர் தெளிப்பது

அருகிலுள்ள ரோதேனோ பைன் காட்டில் இருக்கும் வரலாற்றுக்கு முந்தைய பாறை ஓவியங்கள் 1998இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. ஈரம் பட்டால் நிறம் சற்று நேரம் எடுப்பாகத் தெரியும். உலரும்போது உப்பும் சுண்ணமும் படிந்து ஓவியத்தை நிரந்தரமாக மூடும். தெளிவாகப் பார்க்கச் சிறிய தொலைநோக்கி எடுத்துப் போங்கள்.