'விடியறதுக்குள்ள முடிஞ்சிடும்': ஐசியுவில் கெடு சொல்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் நைட் டியூட்டியில், புதிதாகச் சேர்ந்த பிஜி (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) ஒருவர் நோயாளியின் மகனிடம் "காலை வரைக்கும் தாங்காது, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினேழு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வரி. பெட் நம்பரை மாற்றிப் படிப்பது, பக்கத்துப் படுக்கையின் ரிப்போர்ட்டை வைத்துப் பேசுவது எல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

முதல் ராத்திரியே கையை விரிப்பது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். நான் பிஜியாக இருந்தபோது அதிகாலை மூன்று மணிக்கு ஒரு கூலித் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். ராத்திரி வயிற்று வலி என்றாராம், அப்புறம் இமை திறக்கவில்லை, வரும் வழியிலேயே மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன்: இரண்டு கண் பாவையும் அகல விரிந்து அப்படியே நின்றன. வெளியே வந்து அவருடைய அண்ணனிடம் "மூளை செயலிழந்துடுச்சு, உயிரோட வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னா இப்பவே போங்க" என்றேன். அவரும் கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸ் வாடகைக்குப் பணம் போதவில்லை, ஊருக்குப் போன் போட்டுப் புரட்டுவதற்குள் விடிந்துவிட்டது.

ரவுண்ட்ஸ் வந்த சீஃப் கேட்டது ஒன்றுதான்: "எங்க படுத்திருந்தார்?"

தரையில். கட்டுவிரியன். அது கடித்தால் பல நேரம் பல் தடமே தெரியாது, வீக்கமும் இருக்காது. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் விஷம் வேலை செய்வதால் இமை, பாவை, மூச்சு எல்லாம் முடங்கிப் போகும், ஆள் மட்டும் உள்ளே விழித்திருப்பார். விஷமுறிவு ஊசி போட்டோம், ஆனால் காப்பாற்றியது பெரும்பாலும் வென்டிலேட்டரும் பொறுமையும்தான். நான்காம் நாள் கால் பெருவிரல் அசைந்தது. வீட்டுக்குப் போகும்போது என்னிடம் "நீங்க டார்ச் அடிச்சது தெரிஞ்சுது சார்" என்றார்.

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது எதில் என்றால், அன்றைக்குக் கையில் பணம் இருந்திருந்தால் அவர் வழியிலேயே போயிருப்பார், நானும் என் கணிப்பு பலித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த நோயாளிக்கும் அதையே சொல்லியிருப்பேன். டியூபை எடுத்துவிட்டால் நாம் சொன்னதுதானே நடக்கும்? மூளை ரத்தக்கசிவிலும் இதே கதைதான். அதனால்தான் அமெரிக்க வழிகாட்டுதல்கள் சிகிச்சையைக் குறைக்கும் முடிவைக் குறைந்தது இரண்டாவது முழு நாள் வரையாவது தள்ளிப்போடச் சொல்கின்றன. இதயம் நின்று மறுபடி துடித்தவர்களுக்கு 2021 ஐரோப்பிய வழிகாட்டுதல் 72 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது, அதுவும் மயக்க மருந்து உடம்பை விட்டுப் போயிருக்க வேண்டும். கிட்னி கெட்டவருக்கு மிடசோலம் என்ற மயக்க மருந்து இறங்கவே நாள் கணக்கில் ஆகலாம். 48 மணி நேரக் கெடுவெல்லாம் சினிமாவோடு இருக்கட்டும்.

ஸ்கோரை ஆள் மேல் ஒட்டுவது

1985-ல் வந்த அப்பாச்சி 2 என்ற, நோயின் தீவிரத்தை அளக்கும் ஸ்கோர், முதல் 24 மணி நேரத்தின் மோசமான எண்களைக் கூட்டுகிறது. அதே ஸ்கோர் எடுத்த நூறு பேரில் ஏறக்குறைய எத்தனை பேர் இறப்பார்கள் என்று சொல்லும். கதவுக்கு வெளியே நிற்கும் அம்மாவின் கணவர் அந்த நூறில் எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியாது.

பழகியவருக்கு நாள் கூட்டிக் கொடுப்பது

2000-ல் வெளியான சிகாகோ ஆய்வில், கடைசிக் கட்ட நோயாளிகள் 468 பேருக்கு டாக்டர்கள் சொன்ன நாட்களில் ஐந்தில் ஒன்றுதான் ஒத்துவந்தது. 63 சதவீதம் அதிகமாகவே சொன்னவை. பழக்கம் கூடக் கூடத் தப்பும் கூடியது. முகம் தெரியாதவருக்குக் கையை விரிக்கிற அதே ஆட்கள்தான் நாம்.

நர்ஸைக் கேட்காமல் சொல்வது

கேளுங்கள்.

"பிழைச்சிடுவார்" என்று மட்டும் சொல்வது

பிலடெல்பியாவில் ஐசியு நோயாளிகள் சுமார் 300 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்த 2017 ஆய்வில், இறப்பை ஓரளவு சரியாகச் சொன்ன டாக்டர்கள், நினைவும் புத்தியும் எப்படி இருக்கும் என்பதில்தான் அதிகம் சறுக்கினார்கள். வீட்டார் கேட்பதோ "பழையபடி இருப்பாரா?"

அந்த பிஜி "அப்போ என்னதான் சார் சொல்றது?" என்று கேட்டார். "ரொம்ப மோசமா இருக்கு, பிழைக்காமலும் போகலாம், நாளைக்குக் காலைல திரும்பப் பார்த்துட்டு நானே வந்து சொல்றேன்னு சொல்லு" என்றேன். போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மகன் கேட்டது, ராத்திரி படுக்க எங்கேயாவது இடம் இருக்குமா என்று.